சித்தம் கலங்குமுன்

நம்மிடம் கணிதம் பயின்ற மாணவன் ஒருவனைப் பற்றி முதலில் சொல்லவேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். 2009-ஆம் ஆண்டில் அவன் பிளஸ் ஒன் வகுப்பில் இருந்தான். அதற்கு முந்தின வருஷம் வரையில் வடிவகணிதத்தில் அவனுக்கு நிகர் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே எவரும் இல்லை. ஒரு தேற்றத்தை நாம் கரும்பலகையில் பாதி எழுதுவதற்குள் மீதியை அவன் முணுமுணுத்து முடித்திருப்பான். அப்படிப்பட்டவன் காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு மெல்ல மெல்லக் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தான். தோழர்களுடன் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டான். வீட்டுக் கணக்கு எழுதி வருவது நின்றது. பிறகு தலை வாரிக்கொள்வதும் நின்றது. கேள்வி கேட்டால் நம் முகத்தைப் பாராமல், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நாம் என்ன செய்தோம்? இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதினோம். ஆசிரியர் அறையில் இது பற்றிப் பேச்சு எழுந்தபோது ஒருவர் காதல் என்றார். மற்றொருவர் கைபேசி என்றார். தகப்பனாரை வரவழைத்தோம். அவர், "வயசுக் கோளாறு, ஸார், ரெண்டு அடி போடுங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாயார் மட்டும் வாசற்படியில் தயங்கி நின்று, "பிள்ளை ராத்திரியில தூங்கறதில்லை, ஸார்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நாம் அதைக் கேட்டும் கேளாதவராயிருந்தோம்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, கல்லூரி விடுதியில் மூன்று இரவுகள் உறங்காமல், தன் எண்ணங்களையெல்லாம் அறைத் தோழர்கள் ஊருக்கு அறிவிக்கிறார்கள் என்று அலறிய நிலையில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே வைத்தியம் ஆரம்பமாயிற்று. உடல் தேறியபின் ஒரு நாள் நம்மைப் பார்க்க வந்தான். அப்போது சொன்னான்: பிளஸ் ஒன் அரையாண்டுப் பரீட்சை சமயத்திலேயே மின்விசிறியின் ஓசையில் தன் பெயரை யாரோ கூப்பிடுவதுபோலக் கேட்டதாம். முதலில் அது விசிறிதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. பிறகு சந்தேகமும் போய்விட்டது. "யாரிடமாவது சொல்லக்கூடாதா?" என்றோம். "யாரும் கேட்கவில்லையே, ஸார்" என்றான்.

என்ன கேட்டிருக்க வேண்டும்? கேட்டு அவன் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பதிலை எப்படி எடை போடுவது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடித்தான் உலகத்தின் பல பாகங்களில் வைத்தியர்கள் முப்பது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள் என்பதை நாம் பின்னர்ப் படித்து அறிந்தோம். படித்ததை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேல்நாட்டு வைத்தியர்கள் 'ஸைகோஸிஸ்' என்று வழங்கும் சித்தப்பிரமையில், இல்லாத குரல் கேட்கும், இல்லாத பகை இருப்பதாக உறுதிப்படும், பேச்சு தொடர்பற்றுப்போகும். மனச்சிதைவு என்னும் வியாதி அதில் முக்கியமான ஒரு வகை. பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் இது தலைகாட்டுகிறது. பிள்ளை படிக்கும் காலம், வேலைக்குப் போகும் காலம், பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலம் எதுவோ அதுவே இதன் காலமும். ஆனால் இது வெள்ளம்போல ஒரே இரவில் வருவதில்லை. அநேகமாக மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், சின்னச் சின்ன மாறுதல்கள் முன்னே வருகின்றன.

நமது ஆயுர்வேத நூல்களில் இதற்குப் 'பூர்வரூபம்' என்று பெயர். வியாதி தன் முழு உருவத்தைக் காட்டுமுன் காட்டும் சாயல் அது. மேனாட்டார் இதே பொருளில், 'முன்னோடி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ப்ரோட்ரோம்' என்கிறார்கள். ஹாரி ஸ்டாக் ஸல்லிவன் என்ற அமெரிக்க வைத்தியர், நோய் முற்றுமுன்னரே நோயாளியைக் கண்டுகொள்ளவேண்டும் என்று 1927-லேயே எழுதினார். ஜெர்மானியரான க்ளாஸ் கோன்ராட், இரண்டாவது உலக யுத்தத்தின்போது ராணுவ மருத்துவமனையில் பார்த்த சிப்பாய்களின் வரலாறுகளைத் தொகுத்து 1958-இல் ஒரு நூல் வெளியிட்டார். நோய்க்கு முற்பட்ட அந்த மனநிலைக்கு அவர் சூட்டிய பெயர் நமக்கு மிகவும் பிடித்தது. நாடகத்தில் திரை தூக்குமுன் நடிகனுக்கு உண்டாகும் நடுக்கத்தைக் குறிக்கும் சொல் அது. ஏதோ நடக்கப்போகிறது; என்னவென்று தெரியவில்லை; ஆனால் எல்லாரும் நம்மையே எதிர்பார்த்திருக்கிறார்கள்! கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் மாணவனின் முகம் அந்தச் சொல்லுக்கு ஒரு படம்போல இருந்தது.

இங்கே ஒரு சங்கடம். நோய் வந்த பிறகு திரும்பிப் பார்த்து, 'அன்று தலை வாராமல் வந்தானே, அதுவே அறிகுறி' என்று சொல்வது எளிது. நாமும் அதைத்தான் மேலே செய்தோம். ஆனால் தலை வாராமல் வரும் பிள்ளைகள் எத்தனை பேர்! உறக்கமின்மை, படிப்பில் சரிவு, தனிமை, எரிச்சல் ஆகிய இவையெல்லாம் பருவ வயதின் சாதாரணக் கோலங்களும்கூட. பூத்ததெல்லாம் காய்க்குமா? ஆகவே முன்னோக்கிப் பார்த்துச் சொல்வதற்கு வேறு முறை வேண்டியிருந்தது.

அம்முறை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் உருவாயிற்று. பாட்ரிக் மெக்கோரி, அலிஸன் யுங் ஆகியோர் அங்கே 1994-இல் ஒரு தனிச் சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். அதைச் சித்தப்பிரமைக்கான நிலையம் என்று அவர்கள் அழைக்கவில்லை. அங்கு வந்த இளைஞர்களின் நிலையையும் 'பூர்வரூபம்' என்று சொல்லாமல், 'ஆபத்துக்கு இடமுள்ள மனநிலை' என்றே பெயரிட்டார்கள். பின்னால் நோய் வந்தால்தானே அது பூர்வரூபம் ஆகும்? வராதவனுக்கு அந்தப் பட்டத்தை முன்கூட்டிக் கட்டுவது அநியாயம் அல்லவா? இந்தச் சொல் ஜாக்கிரதையே அவர்களிடம் நமக்கு மதிப்பை உண்டாக்கியது.

ஒருவரை இந்த மனநிலையில் இருப்பதாகக் கொள்வதற்கு அவர்கள் மூன்று வாயில்கள் வகுத்தார்கள். சித்தப்பிரமையின் குறிகள் மங்கலாக, அரைகுறையாகத் தோன்றுவது ஒன்று. முழுக்குறிகளே தோன்றி, ஒரு வாரத்துக்குள் மருந்தின்றித் தாமாகவே மறைவது மற்றொன்று. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்து, பிள்ளையின் அன்றாடக் காரியத் திறமையும் வெகுவாகக் குறைந்துபோவது மூன்றாவது. குடும்பத்தில் நோய் இருந்தால் மட்டும் போதாது. காரியத் திறமையும் கீழிறங்கியிருக்கவேண்டும் என்பதைக் கவனிக்கவேண்டும். 'அந்தக் குடும்பமே அப்படித்தான்' என்று பேசும் ஊர்வாய்க்கு இது நல்ல பதில்.

இனி, அளக்கும் விதம். மெல்போர்ன்காரர்களின் விரிவான வினாமுறை 2005-இல் பிரசுரமாயிற்று. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மெக்ளாஷன் குழுவினரும் இதற்கு ஒப்பான ஒன்றை இயற்றினார்கள். இரண்டிலும் ஒவ்வொரு குறிக்கும் பூஜ்யம் முதல் ஆறு வரை எண் இடப்படுகிறது. உதாரணமாக, யாரும் இல்லாத அறையில் தன் பெயரை யாரோ கூப்பிட்டதுபோல ஒரே ஒரு தடவை தோன்றியது. திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதற்குச் சிறிய எண். வாரத்தில் பல நாள் முணுமுணுப்புக் கேட்கிறது. மனப்பிராந்தியோ என்று ஐயுறுகிறான், ஆயினும் பயப்படுகிறான். அதற்கு நடுத்தர எண். குரல் தெளிவாகக் கேட்கிறது. அது உண்மை என்பதில் ஐயமே இல்லை. அது சொல்கிறபடி நடக்கவும் துணிகிறான். அதுவே ஆறு, அப்போது நோய் வந்துவிட்டது என்று பொருள். மூன்றிலிருந்து ஐந்து வரையிலான இடைவெளிதான் யேல் முறையில் எச்சரிக்கையின் எல்லை. எவ்வளவு கடுமை என்பதோடு எத்தனை முறை, எவ்வளவு நேரம், எவ்வளவு வேதனை, போதைப்பொருள் உட்கொண்ட சமயத்தில் மட்டும் வருகிறதா என்பவற்றையும் மெல்போர்ன் முறையில் தனித்தனியே குறிக்கிறார்கள்.

இந்த ஏணியில் நம்மைக் கவர்ந்த படி ஐயம் என்பதே. வைத்தியர் தேடுவது குரலை மட்டும் அன்று. குரலைப் பற்றி அந்த இளைஞனுக்கு இன்னும் இருக்கும் சந்தேகத்தையும் தேடுகிறார். 'இது என் மனசுதானோ?' என்று அவன் கேட்டுக்கொள்ளும் வரையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. நம் மாணவன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரையாண்டுக் காலம் முழுவதும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

ஜெர்மனியில் இன்னும் நுட்பமான வழி ஒன்று உண்டு. பான் நகரத்து கெர்ட் ஹூபர், பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் நோயாளி தானே உணரும் சிறு தடுமாற்றங்களைப் பல ஆண்டுகள் சேகரித்தார். பேசும்போது எண்ணம் திடீரென அறுந்துபோதல், படித்த வாக்கியம் பொருளில்லாமல் நிற்றல், இரண்டு காரியங்களை ஒரே சமயத்தில் கவனிக்க இயலாமை போன்றவை அவை. கொலோன் நகரத்துக் க்ளாஸ்டர்கோட்டர் குழுவினர் 160 பேரைச் சராசரி ஒன்பதரை ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2001-இல் முடிவு கூறினார்கள். அவர்களில் 79 பேருக்கு மனச்சிதைவு வந்தது. இக்குறிகள் இருந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் நோயுற்றார்கள். இல்லாதவர்களில் நோயுற்றவர் மிகச் சிலரே. 'வரும்' என்று சொல்வதைவிட 'வராது' என்று சொல்வதில் இந்த அளவுகோல் உறுதியாக இருந்தது. பயந்துபோன பெற்றோருக்கு அதுவும் பெரிய உபகாரம்தான்.

நாம் கணித உபாத்தியாயர் ஆகையால் எண்களைப் பற்றிச் சிறிது பேச அனுமதி வேண்டுகிறோம். மெல்போர்னில் தொடக்கத்தில் பரிசோதித்த 49 பேரில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது வீதம் ஓர் ஆண்டுக்குள் நோயுற்றார்கள். பிற்காலத்தில் பல நாடுகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான கணக்கில், ஓராண்டில் 22, மூன்றாண்டில் 36 என்று குறைந்தது. அதாவது, தேர்ந்த நிபுணர்கள் மணிக்கணக்கில் பேசி 'ஆபத்து உண்டு' என்று குறித்தவர்களிலும் மூன்றாண்டு கழித்து மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சித்தப்பிரமை வரவில்லை! அவர்களில் பலருக்கு மனச்சோர்வும் கவலையும் இருந்தன என்பதும், உதவி அவர்களுக்கும் தேவைப்பட்டது என்பதும் உண்மையே. ஆனாலும் எண் வேறு, விதி வேறு.

இவ்வளவும் தாமாக உதவி தேடி வந்தவர்களைப் பற்றிய கணக்கு. பள்ளிக்கூடம் முழுவதையும் உட்காரவைத்து அளந்தால் என்ன ஆகும்? ஆயிரம் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நோயுறப்போகிறவர் பத்துப் பேர் என்றும், நம் அளவுகோல் அவர்களில் ஒன்பது பேரைப் பிடித்துவிடுகிறது என்றும், நலமுள்ளவர்களில் பத்தில் ஒருவரை மட்டுமே தவறாகக் குறிக்கிறது என்றும் கொள்வோம். நல்ல கருவிதான். ஆயினும் நலமுள்ள 990 பேரில் 99 பேர் தவறாகக் குறிக்கப்படுவார்கள். ஆக 108 பேர் பட்டியலில். அவர்களில் உண்மையாக ஆபத்துள்ளவர் ஒன்பது பேர். மற்ற 99 பிள்ளைகளையும் ஊர் என்ன சொல்லும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் 2012-இல் பதினாறே கேள்விகள் கொண்ட ஒரு சிறு தாள் தயாரித்தார்கள். ஆறு கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் விரிவாகப் பேசிப் பார்க்கவேண்டும் என்பது அதன் விதி. மனநல உதவி நாடி வருவோரைப் பொறுக்கியெடுப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. அதை வகுப்பறையில் விநியோகிப்பது, பசித்தவனுக்கென்று அளந்த படியால் கடல் நீரை அளப்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் குரல் கேட்பதும் உருவம் தெரிவதும் பிள்ளைப் பருவத்தில் நாம் நினைப்பதைவிட மிகச் சாதாரணம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேரும், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களில் ஏழெட்டுப் பேரும் ஏதாவது ஒரு விதத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்த ஒரு கணக்கு காட்டுகிறது. பெரும்பாலோருக்கு அது வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது.

குறித்த பிறகு என்ன செய்வது என்பதிலும் வைத்தியர்களுக்குள்ளே சர்ச்சை பலமாக நடந்தது. இந்நிலையைத் தனி வியாதியாகவே பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு கட்சி எழுந்தது. 2013-இல் வெளியான அவர்களுடைய பெரிய நோய்ப் பட்டியலில், மேலும் ஆராயவேண்டியவை என்ற பகுதியிலேயே அதற்கு இடம் கிடைத்தது. அவ்வளவில் நிறுத்தியது விவேகம் என்பதே நம் அபிப்பிராயம். நோய் வருமுன்பே, தடுப்புக்கென்று சித்தப்பிரமை மருந்துகளைக் கொடுக்கவேண்டாம். பேச்சு முறைச் சிகிச்சை முதலில் நடக்கட்டும் என்று பிரிட்டிஷ் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2014-இல் தெளிவாகக் கூறியது. மீன் எண்ணெய் கதையும் உண்டு. வியன்னாவில் 81 இளைஞர்களிடம் பரீட்சித்து, அதை உண்டவர்களில் 41-க்கு இருவரும், உண்ணாதவர்களில் 40-க்குப் பதினொருவரும் நோயுற்றதாக 2010-இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது. 304 பேரிடம் மறுபடி சோதித்தபோது, 2017-இல் வெளியான முடிவில், யாதொரு பலனும் காணவில்லை. விஞ்ஞானம் தன் ஆசையைத் தானே திருத்திக்கொண்ட அழகுக்கு இதுவே சான்று.

இத்தனை ஐயங்களுக்கும் நடுவில் பிரத்தியட்சமான பலன் ஒன்றை நார்வே தேசத்தார் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அளந்தது வேறொன்று: நோய் வெளிப்பட்டதற்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே வீணாகும் காலம். ரோகலாண்ட் மாவட்டத்தில் 1997 முதல் நான்கு ஆண்டுகள் பத்திரிகை, வானொலி, சினிமாக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அறிகுறிகளை விளக்கிப் பிரசாரம் செய்தார்கள். ஆசிரியர்களுக்குத் தனியே பாடம் நடத்தினார்கள். யாரும் நேரே டெலிபோன் செய்யலாம். உடனே ஒரு குழு வந்து பார்க்கும். பிரசாரம் இல்லாத பகுதிகளில் நடுத்தரமாகப் பதினாறு வாரம் கழிந்து சிகிச்சை கிடைக்க, ரோகலாண்டில் ஐந்தே வாரத்தில் கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது இங்கே நூற்றுக்கு முப்பத்தொருவரும், மற்றப் பகுதிகளில் பதினைவரும் முழுமையாகத் தேறியிருந்தார்கள். பிரசாரத்தை நிறுத்தியதும் காலதாமதம் மறுபடி பதினைந்து வாரத்துக்கு ஏறிவிட்டது! லண்டனின் தென்பகுதியிலோ, முன்னெச்சரிக்கை நிலையம் இருந்தும், சித்தப்பிரமை வந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரே அதற்கு முன் அந்த நிலையத்தின் வாயிலை மிதித்தவர்கள். கட்டடம் மட்டும் இருந்து என்ன? அங்கே போகச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே!

நமது நாட்டில் இக்கேள்விகளைக் கேட்பதற்குத் தனி ஜாக்கிரதை வேண்டும். 'பிறர் உன்னைக் கவனிப்பதுபோலத் தோன்றுகிறதா?' என்று இரண்டு அறைகளில் எட்டுப் பேர் வசிக்கும் வீட்டுப் பெண்ணைக் கேட்டால், 'ஆம்' என்பதைத் தவிர வேறு என்ன சொல்வாள்? செத்துப்போன பாட்டி கனவிலும் நனவிலும் வந்து பேசுவதை நம்மில் எத்தனை குடும்பங்கள் ஆசீர்வாதமாக எண்ணுகின்றன! அந்தச் சமூகத்தார் இயல்பென்று கொள்ளும் அனுபவத்தை நோயாக எண்ணலாகாது என்று மேனாட்டு வினாமுறைகளே எச்சரிக்கின்றன. ஆனால் எது இயல்பு என்பதை மெல்போர்னில் இருப்பவர் எப்படி அறிவார்? தமிழில் கேட்கத் தெரிந்த, தமிழ் வீட்டை அறிந்த வைத்தியரே அதை அறிவார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. கனடாவிலுள்ள மான்ட்ரியல் நகரத்தாருடன் சேர்ந்து முதன்முறை சித்தப்பிரமையுற்ற இளைஞர்களை அவர்கள் ஒப்பிட்டபோது, சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையில் அதிகமாக உடன் நின்றார்கள் என்று தெரியவந்தது. அந்தத் தாயார் வாசற்படியில் நின்றது நமக்கு அப்போது ஞாபகம் வந்தது. பலம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்கும் உபாத்தியாயர்தான் அன்று இல்லை.

இப்போது நாம் வினாத்தாள் எதையும் வகுப்பில் கொண்டுபோவதில்லை. ஒரு பிள்ளை முன் இருந்த நிலையிலிருந்து இறங்கி, இரண்டு மாதமாகியும் ஏறவில்லை என்றால் தனியே அழைத்துக்கொண்டு மைதானத்தில் நடக்கிறோம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று தொடங்கி, "உனக்கு மட்டும் தெரிகிற, கேட்கிற ஏதாவது உண்டா? அது நிஜமா, மனசா என்று குழப்பம் உண்டா?" என்று கேட்கிறோம். அநேகமாகப் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். இதுவரையில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்களுக்கு எண் போடுவது நம் வேலை அன்று. பெற்றோரிடம் 'அடியுங்கள்' என்று சொல்லாமலும் 'பைத்தியம்' என்ற சொல் வாயில் வராமலும் பேசி, மாவட்ட மருத்துவமனையின் மனநல வைத்தியரிடம் அனுப்பினோம். இந்திய அரசாங்கம் 2022-இல் தொடங்கிய இலவசத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணையும் எழுதிக்கொடுத்தோம். இருவரில் ஒருவனுக்கு உறக்கமின்மையும் வீட்டுக் கவலையுமே காரணம் என்று தெரிந்து, சில மாதங்களில் தேறினான். மற்றொருத்தி இன்னும் வைத்தியரிடம் போய்வருகிறாள், பரீட்சையும் எழுதுகிறாள்.

நம் பழைய மாணவன் சென்ற மார்கழியில் வீட்டுக்கு வந்திருந்தான். மாமாவின் மின்சாமான் கடையில் கணக்கு எழுதுகிறான். நம் மகளின் வடிவகணிதப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு தேற்றத்தை நாம் நிரூபிக்கும் வழியைவிடக் குறுகிய வழியொன்றைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் காட்டினான். காப்பி குடித்தான். கூடத்து விசிறியை நாம் நிறுத்தப் போனபோது, "ஓடட்டும், ஸார், பரவாயில்லை" என்றான். எட்டு மணிக்கு மாத்திரை வேளை என்று சொல்லி எழுந்து போனான்.